பொன்மலை ஐவரும் ஆவுடைக் கண்மாய்த் தண்ணீரும்

இரண்டாயிரத்து நாற்பத்தொன்றாம் வருடம் மே மாதம், வெயில் நூற்றுப் பதினொன்று அடித்த ஒரு புதன்கிழமை, நெட்டிவயல் வடிவாம்பாள் தன் மாமனார் குரலைக் கேட்பதற்காகத் திருச்சிக்கு பஸ் ஏறினாள். அவர் உயிரோடு இருந்த காலத்தில் அந்தக் குரல் வாசலில் கேட்டால் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவள் அவள்.

கூட வந்த கொழுந்தன் மருதையன் அதைச் சொல்லியே சிரித்தான். "எங்க அப்பா பேச்சைக் கேட்க மதினி அறுபது கிலோமீட்டர் போறீங்க. இதைப் பாக்க அவரு இல்லாமப் போயிட்டாரே."

"அவரு இருந்திருந்தா எதுக்கு நான் போறேன்? தீர்ப்பாயத்துல கொண்டுபோய் நிறுத்தியிருப்பேன். போதும் போதும்னு அவங்களே தண்ணி தொறந்து விட்டிருப்பாங்க" என்றாள் வடிவாம்பாள்.

விஷயம் இதுதான். 1973-ல் ஆவுடைக் கண்மாய்த் தண்ணீருக்காக மேலூர்க்காரர்களுக்கும் கடைமடையான நெட்டிவயலுக்கும் வெட்டுக்குத்து வரைக்கும் போனது. சப்-கலெக்டர் ஒருவர் கண்மாய்க் கரைக்கே வந்து, "நாலாவது மடை செவ்வாயும் வெள்ளியும் நெட்டிவயலுக்குத் திறக்கப்படும்" என்று படித்து, இரண்டு ஊர்ப் பெரியவர்களிடமும் சம்மதமா என்று கேட்டார். மேலூர்ப் பெரியவர் இருமிவிட்டுச் சொன்னார். நெட்டிவயல் சார்பில் வடிவாம்பாளின் மாமனார் வயிரப்பன் சொன்னார். பண்ணை நிகழ்ச்சிக்காக வந்திருந்த வானொலிக்காரர்கள் அதை அப்படியே நாடாவில் பதிந்துகொண்டார்கள். எழுதிய காகிதத்தைத் தாலுகா ஆபீசில் கரையான் தின்றது. கரையான் மேலூர், கீழூர் பார்ப்பதில்லை.

அறுபது வருடம் யாரும் காகிதம் கேட்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் கண்மாய்க் கரையில் ஒரு கம்பெனி வந்தது. உலகத்து ஜனங்கள் எடுக்கிற போட்டோ, பார்க்கிற படம், கேட்கிற பாட்டு எல்லாவற்றையும் சேர்த்துவைக்கிற கம்ப்யூட்டர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டன. அவற்றுக்குச் சூடு ஆகாதாம். குளிப்பாட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம். ஊர்க்காரர்கள் அதற்குப் பொட்டிக் கொட்டகை என்று பேர் வைத்தார்கள். கண்மாய் கொட்டகைக்குக் குத்தகை போனது. நாலாவது மடைக்குப் பூட்டு வந்தது. நீர்வழித் தீர்ப்பாயத்தில் கேட்டதற்கு, "உங்கள் முறைக்கு ஆதாரம் எங்கே?" என்றார்கள். மூன்று போகம் தரிசாகக் கிடக்கிற வயலை ஆதாரமாக ஏற்கச் சட்டத்தில் இடமில்லை என்றும் சொன்னார்கள்.

கடைசியில், திருச்சி மாநில ஒலிக் காப்பகத்தில் 'பண்ணை - மடைப் பேச்சு - 1973' என்று எழுதிய ஒரு பெட்டி இருப்பது தெரியவந்தது. பாசனச் சங்கத்தின் தலைவி என்ற முறையில் வடிவாம்பாள் மனுப் போட்டாள். பதினான்காவது மனுவுக்குப் பதில் வந்தது: நேரில் வரவும், அமைதிப் பேச்சுவார்த்தை நடைபெறும்.

"நாடா கேட்டா எதுக்கு அமைதிப் பேச்சுவார்த்தை?" என்றான் மருதையன்.

போனபிறகுதான் தெரிந்தது, அதே நாடாவை வேறொருவரும் கேட்கிறார் என்று.

காப்பக இயக்குநர் இளம்பரிதி முப்பது வருடம் வருவாய்த் துறையில் தாசில்தாராகக் காலந்தள்ளியவர். யாரோ ஒரு பெரிய மனிதரின் மைத்துனர் நிலத்தை அளக்கப்போன குற்றத்துக்காக இங்கே மாற்றப்பட்டிருந்தார். ஒலியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அது காது வழியாகப் போகும் என்பது மட்டும். ஆனால் தகராறைப் பற்றி எல்லாம் தெரியும். இரண்டு தரப்பையும் எதிரெதிரே உட்காரவைத்து, டீயும் பிஸ்கட்டும் வரவழைத்து, ஆளுக்குப் பாதி என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். வரப்பு, சுடுகாட்டுப் பாதை, கோயில் முதல் மரியாதை எல்லாவற்றையும் அவர் இப்படித்தான் தீர்த்திருக்கிறார்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் சாரங்கன். சென்னையிலிருந்து வந்த ஜாஸ் விமர்சகர். நூற்றுப் பதினொன்று டிகிரியில் கழுத்தில் கம்பளிச் சால்வை சுற்றியிருந்தார்.

"காய்ச்சலுங்களா?" என்று வடிவாம்பாள் அக்கறையாகக் கேட்டாள்.

"இல்லம்மா. பழக்கம்."

நடுவில் தொழில்நுட்பர் நூருதீன், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த நாடாவைக் காட்டி விளக்கினார். "அக்கா, அந்தக் காலத்துல நாடாவுக்குப் பஞ்சம். ஒண்ணுல பதிஞ்சதை அழிச்சிட்டு அது மேலேயே இன்னொண்ணு பதிவாங்க. நீங்க கேக்குற மடைப் பேச்சு மேல இருக்கு. அதுக்கு அடியில 1966-ல இவங்க பதிஞ்சது இருக்கு."

"யாரு இவங்க?"

சாரங்கன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பொன்மலை ஐவர்! ரயில்வே பட்டறையில வேலை பார்த்த அஞ்சு பேர். பகல்ல பாய்லர் தட்டுவாங்க, சனிக்கிழமை ரயில்வே இன்ஸ்டிட்யூட் கிளப்புல ஜாஸ் வாசிப்பாங்க. டிரம்பெட் கிளமெண்ட் ஃபொன்சேகா மாதிரி ஒருத்தன் இந்த நாட்டில அதுக்கப்புறம் வரலை. அவங்க வாசிச்சு மிஞ்சியிருக்கிறது ஒரே ஒரு கல்யாண ரெக்கார்டிங். அதிலயும் பாதி நேரம் பிரியாணித் தட்டுச் சத்தம். இது அவங்க ஸ்டூடியோவில உட்கார்ந்து வாசிச்ச அரை மணி நேரம். இருபத்தாறு வருஷமா இதைத் தேடிட்டிருக்கேன்."

"ஜாஸ்னா நம்ம பேண்டு செட்டு மாதிரிங்களா?" என்றான் மருதையன்.

சாரங்கன் சால்வையை ஒரு சுற்று இறுக்கிக்கொண்டார். "அஞ்சு பேரும் அவங்கவங்களுக்குத் தோணினதை வாசிப்பாங்க. ஆனா எல்லாம் சேர்ந்து ஒண்ணா வரும்."

"எங்க சங்கக் கூட்டம் மாதிரி" என்றாள் வடிவாம்பாள். "எங்களுக்குச் சேர்ந்துதான் வராது."

"அழிச்சது எப்படிப் பாய் திரும்ப வரும்?" என்று மருதையன் கேட்டான்.

"சிலேட்டுல எழுதி எச்சில் தொட்டு அழிச்சா, காஞ்சதும் பழைய எழுத்து மங்கலாத் தெரியும்ல? அதேதான். இந்த மெஷின் அதைப் படிக்கும். இந்தத் திருகுக் குமிழைச் சுழியில, அதான் சைபர்ல, வெச்சா மேல இருக்கிறது வரும். பத்துல வெச்சா அடியில இருக்கிறது வரும்."

"அப்ப முதல்ல சுழியில வைங்க. நாங்க எங்க பேச்சை எடுத்துக்கிட்டுப் போறோம். அப்புறம் பத்துல வெச்சு அவரு கேட்டுக்கட்டும். இதுக்கு எதுக்கு டீ பிஸ்கட்டு?"

நூருதீன் தலையைச் சொறிந்தார். "அங்கதான் அக்கா சிக்கல். நாடா செத்துப்போச்சு. பசை விட்டுப்போய் சுத்தினாலே உதிருது. மெஷின் படிக்கிற சூட்டுல தூளாயிரும். அப்பளம் மாதிரி. ஒரு தடவைதான் பொரிக்கலாம்."

வடிவாம்பாள் சாரங்கனைப் பார்த்தாள். சாரங்கன் நாடாவைப் பார்த்தார்.

"நாங்க இருநூத்திப் பன்னெண்டு குடும்பங்க" என்றாள். "இதுல எங்க மாமனார் சொன்ன ஒத்தை வார்த்தை இல்லேன்னா எங்களுக்கு இந்த வருஷமும் விதைப்பு இல்லை. அடுத்த வருஷம் ஊரே இருக்காது. திருப்பூருக்குப் போன வீடு இப்பவே அறுபது."

"எனக்குப் புரியுதும்மா. ஆனா தண்ணிக்கு வேற வழி கண்டுபிடிக்கலாம். ஃபொன்சேகாவை வேற எங்க கண்டுபிடிக்க முடியும்?"

"தண்ணிக்கு என்ன வழிங்க?"

சாரங்கன் யோசித்தார். சொட்டு நீர்ப்பாசனம் என்று ஏதோ ஆரம்பித்து, சொட்டுவதற்கும் நீர் வேண்டும் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார். வீம்பாகச் சொல்கிற ஆளும் இல்லை அவர். அவர் கண் கலங்கியிருந்ததை வடிவாம்பாள் கவனித்தாள். அவளுக்கு அது எரிச்சலாக இருந்தது. எதிராளி கெட்டவனாக இருந்தால் சண்டை போடுவது எவ்வளவு சுலபம்.

இளம்பரிதி தொண்டையைச் செருமினார். முப்பது வருட அனுபவம் பேசியது. "இரு தரப்பு நியாயத்தையும் கேட்டேன். திருகை ஐந்தில் வையுங்கள்."

நூருதீன் பதறிவிட்டார். "சார், இது நிலமில்லை சார். ஐந்துல வெச்சா ஆளுக்குப் பாதி வராது. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணா வரும். மெஷின் கம்பெனிப் புத்தகத்திலேயே வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"ரெண்டும் சேர்ந்து வந்தால் நல்லதுதானே? சமரசம் என்றால் வேறென்னய்யா?"

"சார்..."

"சம்மதமில்லை என்றால் நாடாவை முத்திரை வைத்துத் தலைமைச் செயலகத்துக்கு அனுப்புவேன். வல்லுநர் குழு அமைப்பார்கள். என் அனுபவத்தில் பதினொரு வருடம்." பிஸ்கட் தட்டை இரண்டு பக்கத்துக்கும் சரியாக நடுவில் தள்ளினார். "சம்மதமா?"

சாரங்கன் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார். வடிவாம்பாள் மருதையனைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான். முடிவு எடுக்க வேண்டிய நேரத்தில் ஜன்னலைப் பார்ப்பது அந்த வீட்டு ஆண்களுக்குப் பரம்பரைக் கலை.

"சம்மதம்" என்றாள்.

மெஷின் நாடாவைப் படித்துத் தனக்குள் பதிந்துகொண்டே முனகியது. முதலில் மழை பெய்கிற மாதிரி இரைச்சல். பிறகு ஒரு டிரம், ரயில் பெட்டி தண்டவாள இணைப்பைத் தாண்டுகிற தாளத்தில். அதன் மேல் காற்றும் காக்கையும், கண்மாய்க் கரையில் ஐம்பது அறுபது பேர் நின்றிருக்கிற சலசலப்பும். சப்-கலெக்டர் படிக்க ஆரம்பித்தார். 'நாலாவது மடை' என்று அவர் மூச்சுவாங்கிய இடைவெளியில் டிரம்பெட் நுழைந்தது. யாரோ சொல்லிவைத்த மாதிரி. 'செவ்வாய்' என்றார், பியானோ இரண்டு தட்டுத் தட்டியது. 'வெள்ளி' என்றார், சாக்ஸபோன் அதையே இழுத்துத் திருப்பிச் சொன்னது. மேலூர்ப் பெரியவர் இருமினார். டிரம்காரர் அதற்குப் பதில் கொடுத்தார், ஏழு வருடம் முன்னாலேயே. கடைசியில் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்ற ஒரு கணத்தில், வயிரப்பனின் கரகரத்த குரல், வீட்டில் குழம்பில் உப்பில்லை என்று கத்துகிற அதே குரல், தனியாக வந்து விழுந்தது.

"சம்மதம்."

டிரம்பெட் வீறிட்டுக் கிளம்பியது.

இருபத்தொன்பது நிமிடத்தில் நாடா தீர்ந்து, தட்டில் பழுப்புத் தூளாகக் கிடந்தது. இளம்பரிதி அதையும் இரண்டு உறையில் சரிபாதியாகப் போடச் சொன்னார்.

சாரங்கன் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார். "போச்சு. எல்லாம் போச்சு. ஃபொன்சேகாவோட தனி ஆவர்த்தனம் மேல இருமலும் மடையும்..." சொல்லிக்கொண்டே வந்தவரின் வலது கால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. அதை அவர் கவனித்தபோது முகம் மாறியது. "இன்னொரு தரம் போடுங்க பாய்."

வடிவாம்பாளுக்கு இசையைப் பற்றிக் கவலையில்லை. செவ்வாய் தெளிவாக இருந்தது, வெள்ளி தெளிவாக இருந்தது, சம்மதம் ஊருக்கே கேட்கும்படி இருந்தது. முத்திரை வைத்த நகலை முந்தானையில் முடிந்துகொண்டாள். பஸ்ஸில் வரும்போது மருதையனிடம், "உங்க அப்பா நல்லாத்தான் சொல்லியிருக்காரு" என்றாள். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் மாமனாருக்கு அவள் கொடுத்த முதல் பாராட்டு அது.

சாரங்கன் அந்தப் பதிவை 'சம்மதம்' என்ற பெயரில் வெளியிட்டார். இரண்டு மாதத்தில் லிஸ்பனிலும் சியோலிலும் அதற்கு ஆடினார்கள். ஒரு பேராசிரியை, அதிகாரத்தின் குரலை ஒடுக்கப்பட்ட பித்தளை வாத்தியம் இடைமறிப்பதாக எழுபது பக்கம் எழுதினார். இருமல் வருகிற இடத்தில் ரசிகர்கள் எல்லோரும் சேர்ந்து இருமுவது வழக்கமாயிற்று. உலக இசை விருது ஒன்று கிடைத்தது. இளம்பரிதி அந்தப் பதிவைக் காப்பகப் பேரேட்டில் 'கலைப் படைப்பு' என்ற இனத்தில் சேர்த்து, இணைத் தயாரிப்பாளர் என்று தன் பெயரையும் போட்டுக்கொண்டார். திருகை ஐந்தில் வைக்கச் சொன்னது அவர்தானே.

செப்டம்பரில் வழக்கு வந்தது. வடிவாம்பாள் நகலைக் கொடுத்தாள். தீர்ப்பாயத் தலைவர் கேட்டார். செவ்வாய் வந்தது, வெள்ளி வந்தது. இருமல் வந்தபோது அவரும் லேசாக இருமிவிட்டு, கூச்சத்தோடு காகிதத்தைப் புரட்டினார்.

கொட்டகையின் வக்கீல் எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை. காப்பகப் பேரேட்டின் நகலையும் விருதுப் பத்திரத்தையும் மேசையில் வைத்தார். பிறகு, பதிவு உண்மையானது என்று வடிவாம்பாளுக்காகச் சாட்சி சொல்ல வந்திருந்த சாரங்கனைக் கூப்பிட்டார்.

"இந்தப் பதிவில் கேட்கும் பேச்சு, 1973-ல் கண்மாய்க் கரையில் நடந்ததுதானா?"

"ஆமாம். ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை."

"நல்லது. இது ஒரு கலைப் படைப்பா, இல்லையா? ஆம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்."

சாரங்கன் வடிவாம்பாளைப் பார்த்தார். அவள் தலையை மெல்ல இடவலமாக ஆட்டினாள். ஒரு வார்த்தைதான். பொய்கூட இல்லை, விபத்து என்று சொன்னால் போதும். இருபத்தாறு வருடம் தேடினவர் வாயிலிருந்து 'இல்லை' வரவில்லை.

"ஆமாம்" என்றார். சொல்லிவிட்டுச் சால்வையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தீர்ப்பு பதினோரு வரி. மேற்படி ஒலிப்பதிவு உயர்ந்த கலைப் படைப்பாகையால் அதைச் சாட்சியமாகக் கொள்ள இயலாது. கலையின் சுதந்திரத்தில் இந்தத் தீர்ப்பாயம் தலையிடாது. மனு தள்ளுபடி.

வெளியே வேப்ப மரத்தடியில் சாரங்கன் வந்து நின்றார். வடிவாம்பாள் பஸ் வருகிற திசையைப் பார்த்தாள்.

"என்னால பொய் சொல்ல முடியலைம்மா."

"உண்மையைச் சொல்ற ஆளுங்களாலதான் எங்க வாய்க்கால் காஞ்சு கிடக்கு" என்றாள்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் விருது வாங்கிய பாட்டை யாரும் சும்மா விடுவதில்லை. கொட்டகைக்காரர்கள், மண்ணின் பாட்டு மண்ணிலேயே என்று பெரிய பலகை வைத்து, உலகத்தில் எங்கிருந்து யார் 'சம்மதம்' கேட்டாலும் அது ஆவுடைக் கண்மாய்க் கரைக் கொட்டகையிலிருந்தே போகும்படி ஏற்பாடு செய்தார்கள். திறப்பு விழாவுக்கு நெட்டிவயல்காரர்களையும் கூப்பிட்டு ஆளுக்கொரு தொப்பி கொடுத்தார்கள்.

ஐப்பசியில் ஒரு நாள் மருதையன் ஓடிவந்தான். "மதினி, நாலாவது மடை வாய்க்கால்ல தண்ணி!"

போய்ப் பார்த்தார்கள். தண்ணீர்தான். ஆவி பறந்தது. முக்கால் மணி நேரம் ஓடி நின்றுவிட்டது. மடையில் பூட்டு அப்படியே இருந்தது. அதற்குக் கீழே புதிதாக ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. வடிவாம்பாள் நூருதீனுக்குப் போன் போட்டாள்.

"விசாரிச்சுச் சொல்றேன் அக்கா" என்றவர் மறுநாள் கூப்பிட்டார். "சாதாரண நாள்ல அந்தத் தண்ணியை ஆற வெச்சுத் திருப்பித் திருப்பி ஓட்டுறாங்க. நேத்து ஏதோ நாட்டுல விளையாட்டு மைதானத்துல இந்தப் பாட்டைப் போட்டிருக்கான். டிவியில பாத்தவங்க அம்பது லட்சம் பேர் ஒரே நேரத்துல அதைத் தேடிப் போட்டுக் கேட்டிருக்காங்க. பொட்டியெல்லாம் கொதிச்சுப்போச்சு, ஆற வைக்க நேரமில்லை. சுடுதண்ணியைக் கண்மாய்க்குள்ள விட்டா மீன் செத்துரும், அபராதம். அதான் உங்க வாய்க்கால்ல தள்ளிவிட்டுட்டாங்க. உங்க வாய்க்கால்ல மீனு இல்லையே."

"இல்லை. மூணு வருஷமாவே இல்லை" என்றாள் வடிவாம்பாள். போனை வைத்தாள். பிறகு தன்னுடைய வாழ்க்கையில் கூப்பிடுவோம் என்று நினைத்தே பார்க்காத நம்பரைக் கூப்பிட்டாள்.

சாரங்கன் ஹலோ சொல்வதற்குள்ளேயே மன்னிப்புக் கேட்டார்.

"மன்னிப்பை வெச்சு நான் நாத்தா பாவுறது? உங்க பாட்டுக் கேக்குற ஆளுங்க நீங்க சொன்னாக் கேப்பாங்களா?"

"கேப்பாங்க. ஏம்மா?"

"செவ்வாயும் வெள்ளியும் காலையில ஆறு மணிக்கு எல்லாரையும் ஒண்ணா உக்காந்து கேக்கச் சொல்லுங்க. முழுசா. ஒரு நிமிஷம் முன்னப்பின்ன இருக்கக் கூடாது."

இப்படியாக உலகத்தில் ஒரு புதுச் சடங்கு உண்டானது. சாரங்கன் காரணம் சொல்லவில்லை; அதனாலேயே ஜனங்கள் நம்பினார்கள். லிஸ்பனில் நடுச்சாமத்தில் எழுந்து கேட்டார்கள், சியோலில் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஏன் செவ்வாய், ஏன் வெள்ளி என்பது பற்றி அந்தப் பேராசிரியை மேலும் நாற்பது பக்கம் எழுதினார். செவ்வாய்க் கிரகம் வரைக்கும் போயிருந்தார். நாலாவது மடைக்கு மட்டும் வரவில்லை.

நெட்டிவயலில் வாய்க்கால் தலைப்பில் ஒரு பெரிய குழி வெட்டினார்கள். தண்ணீர் அதில் ஒரு நாள் ஆறினால்தான் நாற்று தாங்கும். தவளைகள் தாங்கவில்லை, போய்விட்டன. குழந்தைகள் குழியில் விழாமலிருக்க முள்வேலி போட்டார்கள். திருப்பூரிலிருந்து இருபது குடும்பம் திரும்பிவந்தது.

கார்த்திகை முதல் வெள்ளி. ஆறு மணிக்கு ஊரே வாய்க்கால் கரையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஊர்ப் பங்குக்கு அவர்களும் கேட்டார்கள். டிரம் ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் குழாய் கக்கியது. ஆவியோடு தண்ணீர் இறங்கி வந்தது. வடிவாம்பாள் குனிந்து விரலை விட்டு எடுத்தாள். பிரசவித்தவளுக்கு ஊற்றுகிற பதம். போன்களிலிருந்து இருமல் கேட்டது. கரையில் நின்ற பாதிப் பேர் சேர்ந்து இருமினார்கள். மாமனார் சொல்ல வேண்டியதைச் சொன்னார். இந்த ஒரு மாத காலத்தில் அவள் அதைக் கேட்பது எத்தனையாவது தடவையோ.

அவர் சொல்லி முடித்ததும் தண்ணீர் இளைத்தது. குழாய் வாயில் கோலிக்குண்டு அளவுச் சொட்டாகத் துள்ளியது. மேட்டுத் தெருக்காரர்கள் வயலுக்கு இன்னும் ஈரமே போகவில்லை.

வடிவாம்பாள் போனை எடுத்தாள்.

"சாரங்கன் சாருங்களா? நல்ல இடம் முடிஞ்சதும் உங்க ஆளுங்க எந்திரிச்சுப் போயிடுறாங்க போலிருக்கே. மேட்டுத் தெரு பாக்கியிருக்கு. முதல்லேர்ந்து இன்னொரு தரம் கேக்கச் சொல்லுங்க."